நூற்றாண்டுக் காசு

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய காசு ஒன்று மெக்சிக்கோ நாட்டில் உண்டு. அந்நாடு விடுதலை பெற்று நூறு ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக 1921ஆம் ஆண்டில் அடிக்கப்பெற்ற பொற்காசு அது. அந்நாட்டார் அதனைச் 'சென்ட்டெனாரியோ' என்பர். நூற்றாண்டு நிறைவு என்பது அச்சொல்லின் பொருள்.

மெக்சிக்கோ 1521 முதல் முந்நூறு ஆண்டுகள் ஸ்பெயின் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டுக் கிடந்தது. 1810 செப்டம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், டொலோரஸ் என்னும் சிற்றூரில், மிகேல் இடால்கோ என்னும் பாதிரியார் தேவாலய மணியை அடித்து மக்களைத் திரட்டினார். மறு ஆண்டே அவர் சிறைப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் படை நடத்திய மொரேலோஸ் என்னும் பாதிரியாருக்கும் 1815இல் அதே முடிவு நேர்ந்தது. ஆயினும் போர் ஓயவில்லை. 1821 செப்டம்பர் 27ஆம் நாள் விடுதலைப்படை தலைநகருக்குள் புகுந்தது.

போர் தொடங்கிய ஆண்டைக் கொண்டாடுவதா, முடிந்த ஆண்டைக் கொண்டாடுவதா? மெக்சிக்கர் இரண்டையும் கொண்டாடினர். 1910இல் தலைநகரின் பெருஞ்சாலை ஒன்றில் உயர்ந்த தூண் ஒன்றை எழுப்பி, அதன் உச்சியில் சிறகு விரித்த வெற்றி மகளின் சிலையை நிறுத்தினர். 1921இல் அவளையே காசில் பொறித்தனர்.

காசின் குறுக்களவு 37 மில்லிமீட்டர். ஒரு புறத்தில், சப்பாத்திக்கள்ளியின்மேல் அமர்ந்து பாம்பைக் கொத்தும் கழுகு காணப்படும். இத்தகைய காட்சியைக் கண்ட இடத்திலேதான் பழைய ஆஸ்டெக் மக்கள் தம் தலைநகரை அமைத்தனர் என்பது அந்நாட்டுப் பழங்கதை. மறு புறத்தில் வெற்றி மகள் நிற்கின்றாள். அவளுடைய வலக்கையில் வாகை மாலை. இடக்கையில் அறுந்த சங்கிலி. முந்நூறு ஆண்டு அடிமை வாழ்வை இவ்வளவு சிறிய இடத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்லுதல் அரிது. அவளுக்குப் பின்னே இரண்டு எரிமலைகள் தோன்றுகின்றன. காசின் விளிம்பைச் சுற்றி 'விடுதலையும் உரிமையும்' என்னும் பொருள்படும் ஸ்பானிய வாசகம் ஓடுகின்றது.

இவையெல்லாம் கண்ணுக்கு விருந்து. ஆனால் நாம் ஊன்றி நோக்க வேண்டியது, வலப்பக்கத்தில் உள்ள எழுத்துகளையே. '37.5 கிராம் தூய பொன்' என்று அங்கே எழுதியிருக்கின்றது. காசு தன் உள்ளடக்கத்தைத் தானே அறிக்கையிடுகின்றது!

இதன் அருமையை உணர, அதற்கு முந்திய பத்தாண்டுகளை அறிதல் வேண்டும். 1910இன் இறுதியில் மெக்சிக்கோவில் உள்நாட்டுப் புரட்சி மூண்டது. அடுத்த சில ஆண்டுகளில் போரிட்ட ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பெயரில் காகிதப் பணத்தை அச்சிட்டு வெளியிட்டனர். ஒரு படைத்தலைவர் வென்றபோது செல்லுபடியான தாள், மற்றொருவர் ஊருக்குள் வந்ததும் வெறுந்தாள் ஆயிற்று. உழைத்துச் சேர்த்த கூலி ஒரே இரவில் மறைந்தது. பணத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கை குலைந்து போயிற்று. அத்தகைய நாட்டில்தான் இக்காசு பிறந்தது. 50 பெசோ அக்காலத்தில் பெருந்தொகை. ஏழையின் கையில் இக்காசு புழங்கியிருக்கும் என்று எண்ணுதற்கில்லை. எனினும், எடையை வெளிப்படையாகச் சொல்லும் பணம் மீண்டும் உலவியது சிறிய செய்தி அன்று.

அந்த எடையும் மனம் போனபடி வைத்தது அன்று. ஒரு பெசோ என்பது 0.75 கிராம் தூய பொன்னுக்கு ஈடு என 1905ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. அதனை 50ஆல் பெருக்கினால் 37.5 கிராம் வரும். தூய பொன் மென்மையானது, தேய்ந்து போகும். ஆகவே பத்தில் ஒரு பங்கு செம்பு முதலியன கலந்து உறுதி செய்தனர். அதனால் காசின் முழு எடை ஏறத்தாழ 41.67 கிராம் ஆயிற்று. நம் வழக்கில் இஃது ஐந்து பவுனுக்குச் சற்று மிகுதி. கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

1931இல் மெக்சிக்கோ அரசு பொன்னைப் பணமாக வழங்கும் முறையைக் கைவிட்டது. இக்காசு அடிப்பதும் அவ்வாண்டோடு நின்றது. 1943இல் மீண்டும் அடித்தபோது, ஒரு மாறுதலைக் காண்கிறோம். '50 பெசோ' என்னும் சொற்கள் காசில் இல்லை. அவை இருந்த இடத்திலும் பொன்னின் எடையையே பொறித்திருந்தனர். பெசோவின் மதிப்பு மாறிவிட்டது. காசின் எடை மாறவில்லை. மறு ஆண்டு, என்ன கருதியோ, பழைய சொற்களை மீண்டும் சேர்த்தனர்.

1947க்குப் பின் பல ஆண்டுகள் அடித்த காசுகளில், 1947 என்ற ஆண்டையே பொறித்து வந்தனர். எடையில் நாணயம் காத்த காசு, ஆண்டில் மட்டும் சற்றுத் தவறியது என்று நகையாடத் தோன்றும். எனவே, வலப்பக்கத்து ஆண்டைக் கொண்டு ஒரு காசின் வயதைத் துணிந்து கூறுதல் இயலாது. இடப்பக்கத்தில் நிற்கும் 1821 என்னும் ஆண்டோ, முதற் காசில் இருந்தவாறே எல்லாக் காசுகளிலும் இருக்கின்றது.