ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருப்பதும் நெய்வேலிதான்

கேள்வி: நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கொரோனா ஊரடங்கில் சென்னையில் மகன் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. நாங்களோ எங்கள் வட்டத்தில் மரநிழலில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். இனி எழும் நகரங்களை நெய்வேலி டவுன்ஷிப் மாதிரியே கட்டினால், தொற்றுநோய்க்கும் பேரிடருக்கும் ஈடுகொடுக்குமா?

— ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: பாதி ஈடுகொடுக்கும், ஐயா. மீதிப் பாதியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் பதிவானது. அதையொட்டி எழுந்த ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்து, பள்ளிக்கூடமும் கடையும் நடக்கிற தூரத்தில் இருக்கும்படி அமைத்தார்கள். தொற்றுக் காலத்தில் இதன் பலன் பெரிது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் தொற்று சில நாட்களிலேயே எகிறியது நினைவிருக்கும். ஊர் மொத்தமும் ஒரே சந்தையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது தெரிந்தது.

ஆனாலும் உங்களைக் காத்தது மரநிழல் மட்டும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் மருத்துவமனை இருந்தது, மாதம் பிறந்தால் பணம் வந்தது. மின் உற்பத்தியை நிறுத்த முடியாது என்பதால் ஷிப்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த ஷிப்டுக்கு வந்த காண்ட்ராக்ட் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் நெருக்கமான வீடுகளில் இருப்பவர்கள். ஒரே பாய்லர் அருகே நின்று வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கு வட்டத்தில் குவார்ட்டர்ஸ், இன்னொருவருக்குச் சந்துக்குள் ஒற்றை அறை என்றால், நோய் அந்த அறையில் தொடங்கி வட்டத்துக்குள்ளும் வரும். டவுன்ஷிப்பின் வரைபடம் அதன் நுழைவாயிலான ஆர்ச் கேட்டோடு முடிந்துவிட்டது என்பதே என் பெரிய குறை.

அதே 2020-ல் ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. மே மாதமும் அங்கே ஒரு விபத்து நடந்திருந்தது. பலத்த தீக்காயம் பட்டவர்களைத் தொற்று உச்சத்தில் இருந்த சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு பேரிடர்கள் சேர்ந்தே வரும் என்பதை நகரம் வகுப்பவர்கள் மறக்கவே கூடாது. ஒரு தொழில் நகரம், தன் தொழில் உண்டாக்கும் காயத்தைத் தன் ஊரிலேயே ஆற்றும் வசதியை முதலில் கட்ட வேண்டும்.

புயலைப் பொறுத்தவரை, 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரைகடந்த ‘தானே’ இங்கே மரங்களைச் சாய்த்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் அழித்தது. மரம் வேண்டாம் என்பதல்ல அதன் பாடம். மின்கம்பி போகும் பாதையில் பெரிய மரம் கூடாது, கம்பியைப் பூமிக்குள் கொண்டுபோக வேண்டும், ஓரங்களில் பனையும் புன்னையும் நட வேண்டும்.

தண்ணீர்தான் நெய்வேலியின் தனிக்கதை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவுபகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். இறைக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு அந்தச் சுரங்கம் வேண்டும். ஒன்றில் தடை வந்தால் மற்றதும் ஆட்டம் காணும் இந்தச் சுழலுக்கு மாற்று மின்வழி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இறைத்த நீரில் ஒரு பகுதி ஏரிகளுக்குப் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது. ஆனால் அடைமழையில் பரவனாறு நிரம்பும்போது சுரங்க நீரும் வந்து சேர்ந்து வயல்களை மூழ்கடிப்பதாகக் கீழே உள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். 2015 நவம்பர் வெள்ளம் இந்த மாவட்டத்தை எப்படி வதைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களைப் போன்ற மூத்தவர்கள் சொன்னால் நிர்வாகம் காது கொடுக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், எந்த அளவு நீர் எப்போது திறக்கப்படும் என்று பரவனாற்றங்கரைக் கிராமங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டையும், காண்ட்ராக்ட் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அதே குழாய்நீரையும் அதே மருத்துவமனைப் படுக்கையையும் இந்த ஆண்டே கேளுங்கள்.