கடல்வளப் பாதுகாப்பு: பட்ட மேற்படிப்பும் பணிக்கான ஆயத்தமும்

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் திமிங்கலச் சுறா வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1972இல் இயற்றப்பெற்ற அச்சட்டத்தின் பாதுகாப்பை மீன் இனம் ஒன்று பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு முன்னர் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இம்மீன் பெருமளவில் வேட்டையாடப்பட்டு வந்தது. அதன் ஈரலிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப்பட்டது, இறைச்சி ஏற்றுமதியாயிற்று. குத்தப்பட்ட மீன் ஆழத்தில் மறைந்துவிடாதிருக்கப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிடும் வழக்கம் இருந்தமையால், அம்மீனுக்கே அங்கு 'பேரல்' என்னும் பெயர் வழங்கிற்று.

வேட்டையைச் சட்டம் தடுத்தது. ஆனால் வேறு மீனுக்காக விரித்த வலையில் திமிங்கலச் சுறா தானே வந்து சிக்கினால் மீனவர் என் செய்வது? மீனை உயிருடன் விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். வலையோ அவரது முதலீடு. இந்த இடத்தில் சட்டப்புத்தகம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 2004இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் இணைந்து கடற்கரை ஊர்களில் ஓர் இயக்கத்தைத் தொடங்கின. சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு இம்மீனைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு தேடி வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். 'வ்ஹாலி', அதாவது அன்புக்குரியவள், என்னும் புதுப்பெயர் வேரூன்றியது. அத்துடன், அறுபட்ட வலைக்கு மாநில அரசு இழப்பீடு வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான மீன்கள் மீனவர்களாலேயே விடுவிக்கப்பட்டுள்ளன. அன்புச் சொல் முந்தியதா, இழப்பீடு முந்தியதா என்று வாதிடுவோர் உண்டு. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் மற்றது நெடுநாள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

கடல்வளப் பாதுகாப்பைத் தம் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து பயில்வது நன்று. மீனின் வாழ்க்கையை அறிந்தவர், சட்டம் அறிந்தவர், வலையின் விலையும் மீனவரின் கடன்சுமையும் அறிந்தவர், குஜராத்தி மொழியில் மக்களுடன் பேச வல்லவர் ஆகிய அனைவரும் அதில் பங்கு கொண்டனர். நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களோ இவற்றுள் முதலாவதையே பெரிதும் கற்பிக்கின்றன.

அந்த முதலாவது அறிவைப் பெறுவதற்கான வாய்ப்புகள் நாட்டில் குறைவல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையமும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கடலியல் கல்வியில் நெடிய மரபுடையவை. மீன்வளப் பட்டதாரிகள் மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் மேற்படிப்பைத் தொடரலாம். 1961இல் நிறுவப்பெற்ற அது 1989 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உள்ளது. டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனம் 1988இல் வனவுயிர் அறிவியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. கடலுயிர்களைப் பற்றிய ஆய்வும் அங்கு நடைபெறுகிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும், கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் முனைவர் பட்ட ஆய்வுக்கு உகந்தவை.

ஆய்வுக்கான உதவித்தொகை பெற அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்து நடத்தும் தேசியத் தகுதித் தேர்வு முக்கிய வாயில். இளநிலை ஆய்வாளருக்கான தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேர்வில் தகுதி பெறுவதும் நிரந்தரப் பணி பெறுவதும் ஒன்றல்ல என்பதை மாணவரும் பெற்றோரும் முன்கூட்டியே உணர்தல் வேண்டும். இத்துறையில் பணியிடங்களுள் பெரும்பகுதி திட்டக்காலம் வரையே நீடிப்பவை. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். இதை மறைத்து ஊக்கமூட்டுவது மாணவருக்குச் செய்யும் உதவியன்று.

நிர்வாகத்தின் வழியே கடலை அடைய விரும்புவோர்க்கு இந்திய வனப்பணி உண்டு. விலங்கியல், தாவரவியல் போன்ற பாடங்களைப் பயின்ற பட்டதாரிகள் இத்தேர்வை எழுதலாம். கடற்பணிக்கு வனப்பணி ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்காவும், கட்ச் வளைகுடாப் பூங்காவும், ஒடிசாவில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கஹிர்மாதா சரணாலயமும் வனத்துறையின் பொறுப்பிலேயே உள்ளன. அப்பகுதிகளுக்கு வெளியே மீன்பிடிப்பை முறைப்படுத்துவதோ மாநில மீன்வளத்துறை. அரசியலமைப்பின்படி கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மீன்வளம் மாநிலப் பட்டியலில் அடங்கும்; அதற்கு அப்பால் மத்திய அரசின் அதிகாரம். ஆமை இவ்வெல்லைகளை அறியாது. ஓர் ஆமையின் உயிர் மூன்று அலுவலகங்களின் கோப்புகளில் பிரிந்து கிடக்கும் நிலையில், அக்கோப்புகளை இணைத்துப் படிக்கத் தெரிந்த அலுவலரின் தேவை பெரிது.

எனவே மேற்படிப்பின் இரண்டு ஆண்டுகளில் பாடத்திட்டத்திற்கு வெளியே மாணவர் தேடிக்கொள்ள வேண்டியவை சில உள. புள்ளியியல் அவற்றுள் தலையாயது. நீரில் மூழ்கி ஆய்வு செய்யும் பயிற்சி பவளப்பாறை, கடற்புல் ஆகியவற்றை ஆராய்வோர்க்குத் தேவை. மற்றவர்க்கு அது அத்துணை இன்றியமையாததன்று, பலர் எண்ணுவதற்கு மாறாக. அதைவிட, மீன் இறங்குதளத்தில் விடியற்காலை ஏலத்தைப் பலநாள் நின்று கவனிப்பது கூடுதல் பயன் தரும். எந்த மீன் எந்த வலையில் எவ்வளவு வந்தது, ஏலத்தொகையில் டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் வட்டிக்கும் எவ்வளவு போயிற்று, படகில் சென்றவர்க்கு எஞ்சியது என்ன என்ற கணக்கை ஒரு பருவம் முழுவதும் எழுதி வந்தவர், இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வரையும்போது தடுமாறமாட்டார்.

பயிற்சிக்குரிய ஒரு வினாவை இங்கே குறிப்பிடலாம். திமிங்கலச் சுறா பாதுகாப்புப் பெற்ற அதே 2001இல் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலடி மண்ணை விழுங்கிக் கழிவுகளைச் செரித்து வெளியிடும் இவ்வுயிர்கள் மிகுதியாகப் பிடிக்கப்பட்டால் எளிதில் மீள்வதில்லை. தடைக்குக் காரணம் உண்டு. எனினும் பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று அவற்றைப் பிடிக்க இயலும். இங்கு மூச்சடக்கி மூழ்கி அவற்றைச் சேகரித்து வாழ்ந்தவர் தொழிலை இழந்தனர்; கடத்தலும் தலைதூக்கியது. சௌராஷ்டிரத்தில் அறுபட்ட வலைக்கு விலை கணக்கிட முடிந்தது. இங்கு இழந்தது ஒரு வலை அன்று, முழுத்தொழில். இழப்பை எவ்வாறு மதிப்பிடுவது, எத்தனை ஆண்டுகளுக்கு ஈடு செய்வது, இனங்கள் மீண்டுவிட்டன என்பதை யார், எந்த அளவீட்டைக் கொண்டு அறிவிப்பது? முதுநிலை ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவர் இவ்வினாவில் ஏதேனும் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, இராமநாதபுரம் கரையின் ஒரே ஓர் ஊரில் தொடங்கலாம்.