விலை தெரிந்தது, சரக்கு தெரியவில்லை

ஆரணியில் பட்டுத் தறிக் கூலியில் காலம் தள்ளும் ஒரு குடும்பத்துத் தாய் நமக்கு எழுதியிருக்கிறார். பதினோரு வயது மகன் கைபேசியில் ஒரு சீட்டு விளையாட்டு ஆடுகிறான். விளையாட்டு இலவசம், அதற்குள் கடை ஒன்று இருக்கிறது. எண்பதும் நூறுமாகத் தகப்பனாரின் கணக்கிலிருந்து ஒரே மாதத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. "இது சூதாட்டம் இல்லைம்மா, ரம்மி மாதிரி பணம் வராது, சீட்டுதான் வரும்" என்கிறானாம் பையன். இப்படிச் செலவழிப்பது கூடுமா என்பது அந்தத் தாயின் கேள்வி.

பையன் சொன்னதில் பாதி உண்மை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ரம்மி போன்ற ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2020 முதல் சட்டங்கள் வந்தன, வழக்குகளும் நடந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் இயற்றியது. இவனுடைய ஆட்டத்தில் போட்ட பணம் திரும்பி வருவதில்லை. ஆனால் அரசாங்கம் தடுக்காததெல்லாம் ஹலாலாகிவிடுமா?

அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்ப்போம். ரூபாய் கொடுத்தால் முதலில் 'வைரம்' கிடைக்கும். வைரத்தைக் கொடுத்தால் மூடிய பொட்டலம் ஒன்று கிடைக்கும். அதற்குள் அரிய சீட்டும் இருக்கலாம், ஏற்கெனவே பத்து முறை வந்த சீட்டே பதினோராம் முறையும் வரலாம். திறந்த பிறகுதான் தெரியும். நடுவில் வைரம் எதற்கு? கையை விட்டுப் போவது ரூபாய் என்ற நினைப்பு மறைவதற்குத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அறியாமைக் காலத்து அரபிகளிடம் கல்லெறி வியாபாரம் என்று ஒன்று இருந்தது. துணிகளைப் பரப்பி வைத்து, எறியும் கல் எதன்மீது விழுகிறதோ அது இந்த விலைக்கு உனக்கு என்பார்கள். விலை தெரியும், சரக்கு தெரியாது. இதையும், இதுபோல் நிச்சயமற்ற 'ஙரர்' வியாபாரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறார். நெய்த சேலை வந்ததும் மறுபடி தராசில் வைக்கிறார். "மூட்டையைப் பிரிக்காதே, உள்ளே பட்டும் இருக்கலாம், பருத்தியும் இருக்கலாம், காசை வை" என்றால் எந்த நெசவாளியாவது ஒப்புவாரா? தறியில் ஒப்பாததை மகனின் கைபேசியில் ஒப்புகிறோம்.

எத்தனைக்கு எத்தனை அரிய சீட்டு வரும் என்று கணக்கை வெளியிடுகிறார்களே என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். ஆப்பிள் நிறுவனம் 2017 முதல் தன் கடையில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தாயக் கட்டைக்கு நான்கு பக்கம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் அது சூதாகாமல் போய்விட்டதா? நம் மார்க்கத்தைச் சாராத நாடுகளும் விழித்துக்கொண்டன. ஜப்பான் 2012-லேயே இத்தகைய விற்பனையில் ஒரு வகையைத் தடுத்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சில விளையாட்டுகளின் மூடிய பெட்டிகளைச் சூது என்றே தீர்மானித்தது.

ஆகவே மூடிய பொட்டலத்துக்குக் காசு கொடுப்பது கூடாது என்பதே நம் கருத்து. இன்ன சீட்டு, இன்ன விலை என்று காட்டி விற்றால் ஙரர் இல்லை. அங்கே வேறு கேள்வி எழும். அது வீண் விரயமா? விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கண்டிக்கிறது. வாங்கிய சீட்டை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு விட்டுப் போகவும் முடியாது. 'டூயலிஸ்ட்' என்ற சீட்டு விளையாட்டை 2020 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் சீட்டுகளும் அதோடு போயின. ஆட்டம் ஆடுவதைப் பற்றி இமாம்களின் பேச்சு தனியே உண்டு. இன்னொரு மாதம் எழுதுவோம்.

இனி அந்தத் தாய்க்கு. பாலிகாகாத பிள்ளைமீது இதற்குக் குற்றம் எழுதப்படாது, அடிக்க வேண்டாம். ஹனஃபீ மத்ஹபில் விவரம் தெரிந்த சிறுவனின் கொடுக்கல் வாங்கல் வலீயின் சம்மதத்தைப் பொறுத்தே நிற்கும். இங்கே தகப்பனார் சம்மதிக்கவில்லை, பணமும் அவருடையது. எனவே பணத்தைத் திருப்பிக் கேட்பதில் வெட்கமில்லை. தாமதிக்காமல் முறையிட்டால் சில வேளை கிடைக்கும். கைபேசிக் கடையில் கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி இன்றே மாற்றிவிடுங்கள். அந்தச் சொல் பையனுக்குத் தெரிந்த பிறந்த தேதியாக இருக்க வேண்டாம்.