படத்தைத் தொட்டா தமிழ் பேசும்!

பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகார், ஒடிசாவிலிருந்து திருப்பூர் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நம்ம ஊர் அரசுப் பள்ளிகளில் படிக்கிறாங்க. வீட்டில் இந்தி அல்லது ஒடியா, வகுப்பில் தமிழ். மொழி புரியலைன்னா கணக்கும் புரியாது.

படம் காட்டி மொழி கற்பிப்பது புதுசு இல்ல. கொமேனியஸ் 1658-லேயே படத்தில் எண் போட்டு, அந்த எண்ணுக்குரிய சொல்லையும் அச்சிட்டார். இன்னைக்கு அந்த எண்ணைத் தொட்டா குரலே கேட்கும். ஹெச்5பி என்ற திறமூல மென்பொருளில் இதை நாமே செய்யலாம்.

1. பிள்ளைக்குப் பழகின காட்சியை எடுங்க: பவர் டேபிள், துணிக்கட்டு, நூல், கத்தரிக்கோல்.

2. ஒரு படத்துக்கு ஐந்தாறு புள்ளி போதும். ஒவ்வொன்றிலும் எழுத்தும் உங்கள் குரல் பதிவும் இருக்கட்டும்.

3. பெயரோடு நிறுத்தாதீங்க. 'நூல்' கேட்ட பிறகு, 'நூல் அறுந்துபோச்சு' என்ற வாக்கியமும் வரணும்.

4. இரட்டைப் பொருளைப் பிரிச்சுக் காட்டுங்க. கம்பெனியில் 'நூல்' தைக்கிறதுக்கு. பாடத்தில் அதே சொல் புத்தகத்தையும் குறிக்கும். 'தை' என்றால் தைப்பது, ஒரு மாதமும்கூட. குழப்பம் இங்கேதான் வரும்.

5. கடைசியில் எழுத்தையும் குரலையும் எடுத்துட்டு, வெறும் படத்தைக் காட்டுங்க. பிள்ளை சொல்லட்டும்.

திரையைத் தொடுறது மட்டும் கற்றல் ஆகாது, வாய் திறக்கணும். பவர் டேபிளைப் பற்றி நம்மைவிட அந்தப் பிள்ளைக்கு அதிகம் தெரிஞ்சிருக்கலாம். தெரிஞ்சதைச் சொல்லத் தமிழ் கிடைச்சா, கடைசி பெஞ்சில் பேசாம உட்கார வேண்டியதில்லை.