தென்பாண்டி நாட்டில் அருகன் தடங்கள்: ஐந்து நாள் குழுப் பயணத்திற்கு ஒரு பாடத்திட்டம்

மேல்சித்தாமூர், திருமலை, பொன்னூர்மலை, திருநறுங்கொண்டை ஆகிய திருத்தலங்களுக்கு நம் குடும்பத்தார் ஆண்டுதோறும் சென்று வருகின்றனர். அங்கெல்லாம் நாள் வழிபாடு நடைபெறுகிறது. வழிகாட்ட நம்மவர் உள்ளனர். மதுரைக்குத் தெற்கே நிலைமை வேறு. அங்கே அருகன் திருமேனிகள் பல உண்டு. அவற்றைச் சூழ்ந்து வாழும் தமிழ்ச் சமணக் குடிகள் அரியர். ஆதலின் அப்பகுதிக்குச் செல்லும் பயணம் வழிபாட்டுப் பயணமாக மட்டும் அமைதல் போதாது. கற்கும் பயணமாக அமைதல் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தை நடுவாகக் கொண்டு அத்தகைய பயணம் ஒன்றைத் திட்டமிடும் முறையினை இங்குக் காண்போம்.

1. காலமும் அளவும்

பயணத் திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்குதல் பலர் வழக்கம். நாமோ கதிரவன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கித் தொடங்குதல் வேண்டும். இரவு உண்ணாமை நம் நோன்பு ஆதலின், மாலை 5 மணிக்கு உணவு பரிமாறப்படுதல் வேண்டும். அதற்கு 4 மணிக்குள் தங்குமிடம் சேர்தல் வேண்டும். எனவே ஒரு நாளில் இரண்டு இடங்கள், மிகுந்தால் மூன்று இடங்களே காண இயலும். இதனைக் குறையென எண்ண வேண்டா. பல இடங்களை ஓடிப் பார்க்கும் குழந்தை எதனையும் நினைவில் கொள்வதில்லை.

தை மாதம் ஏற்ற காலம். சாதுர்மாசம் முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மலையடிவாரத்தில் பசுமை மிஞ்சியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் இக்கரிசல் நிலத்தின் பாறைகளில் வெறுங்காலுடன் நிற்றல் முதியோர்க்கும் சிறார்க்கும் இயலாது.

ஒரு பேருந்தில் அடங்கும் முப்பதின்மர் போதும். எட்டுச் சிறுவர்க்கு ஒரு பொறுப்பாளர் இருத்தல் நன்று. சமையற்காரர் ஒருவரையும், நீர் வடிகட்டும் துணியையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். சாத்தூர்க் காராச்சேவு புகழ்பெற்றது. எனினும் அதில் பூண்டு சேர்ப்பது வழக்கம் ஆதலின் கேட்டறிந்த பின்னரே வாங்குக.

2. நாளுக்கு ஒரு வினா

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. பயணத்திற்கும் அது பொருந்தும். ஒவ்வொரு நாள் காலையிலும் பேருந்திலேயே ஒரு வினாவை எழுப்புக. விடையினை மாலை உணவிற்குப் பின் சிறுவரே கூறுமாறு செய்க.

முதல் நாள்: 'இதனைச் செய்தவர் யார்? காத்தவர் யார்?'

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணமலையில் தொடங்குக. செட்டிப்புடவு என்னும் குகையின் வாயிலில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று உள்ளது. அதன்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஓர் ஆசிரியப் பரம்பரையைக் கூறுகிறது: குரண்டியைச் சார்ந்த அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். கனகவீரர் இத்திருமேனியைத் தம் பெயரால் செய்வித்தாரல்லர். கீழ்க்குயில்குடி ஊரார் பெயரால் செய்வித்தார். அதனைக் காக்கும் பொறுப்புப் பல்லக்குச் சுமப்போராகிய பள்ளிச் சிவிகையாரிடம் அளிக்கப்பட்டது. துறவியும் ஊராரும் உழைப்பாளரும் ஒரே கல்லில் இணைந்துள்ளமையைச் சிறுவர் உணரட்டும்.

பிற்பகலில் அருப்புக்கோட்டைச் சாலையில், ஆவியூருக்கு அருகிலுள்ள குரண்டிக்குச் செல்க. காலையில் கல்லில் கண்ட பெயர் மாலையில் ஓர் ஊராக எதிரே நிற்கும். திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி இங்குச் சிறந்திருந்தது. மதுரை வட்டாரத்து மலைகளிலெல்லாம் இதன் துறவியர் பெயர்கள் காணப்படுகின்றன. இன்று அப்பள்ளி இல்லை. ஒன்றும் இல்லாத இடத்திற்கு ஏன் செல்ல வேண்டும் எனச் சிலர் வினவுவர். இல்லாமையைக் காண்பதும் வரலாற்றுப் பாடமே. அன்றிரவு அருப்புக்கோட்டையில் தங்குக.

இரண்டாம் நாள்: 'கற்கள் எங்குச் சென்றன?'

திருச்சுழிக்கு அருகே, குண்டாற்றங்கரையில் உள்ள பள்ளிமடத்துச் சிவன் கோயிலில், குரண்டிப் பள்ளியைக் குறிக்கும் கல்வெட்டுகள் உள்ளன. பள்ளியின் கற்களே இங்குக் கொணரப்பட்டன என ஆய்வாளர் கருதுவர். இதனைச் சிறுவர்க்குக் கூறும்போது குற்றஞ்சாட்டும் குரல் வேண்டா. கோயிற் சுவரில் சேர்ந்தமையால்தான் அவ்வெழுத்துகள் நம் காலம்வரை எஞ்சின என்பதனையும் உடன் கூறுக. ரமண மகரிஷி 1879இல் பிறந்த திருச்சுழியையும் கண்டு, அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவிலாங்குளம் செல்க. கும்பனூர் எனப்பட்ட இவ்வூரில், முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் முக்குடையார்க்குக் கோயில் எடுக்கப்பட்டது. இன்று திறந்த வெளியில் தீர்த்தங்கரர் திருமேனிகள் அமர்ந்துள்ளன. அங்கு அரை மணி நேரம் பேசாதிருந்து தியானம் பயில்க. மாலையில் விருதுநகர் சேர்க.

மூன்றாம் நாள்: 'நாம் தவிர்க்கும் பொருளைச் செய்து வாழ்வோரிடம் நம் கடமை யாது?'

காலையில் விருதுநகரில் காமராசர் இல்லத்தைக் காண்க. பின்னர் சிவகாசி வழியாகத் திருவில்லிபுத்தூர் செல்க. மழை குறைந்த இந்நிலத்தில் உழவு மட்டும் வயிற்றை நிரப்பவில்லை. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வறண்ட காற்றே மூலதனமாயிற்று. தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் இங்கு அச்சானதாக இருத்தல் கூடும்.

தீபாவளி நமக்குப் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். விளக்கேற்றுதலே நம் மரபு. சிற்றுயிர்களை மாய்க்கும் வெடி நமக்கு ஆகாது. இதில் ஐயமில்லை. ஆயின் பட்டாசு வாங்காமையோடு நம் அகிம்சை நிறைவுறுமோ? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். உதவிக்கு ஓடியவரும் அவர்களுள் இருந்தனர். 2018இல் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளையே செய்தல் வேண்டும் என ஆணையிட்டபோது, வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் இவ்வூர்களில் எழுந்தது. தொழிலாளர் உயிரும் உயிரே. அவர்தம் அடுப்பு எரிதலும் அறமே. இவ்வினாவிற்கு எளிய விடை இல்லை. அதனாலேயே இது சிறுவர்க்கு வேண்டும்.

ஒரு கண்டிப்பு: பட்டாசு ஆலைகளைக் காட்டுக என எவர் கேட்பினும் இசையற்க. அவை வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல. சாலையிலிருந்து, இடைவெளி விட்டு நிற்கும் சிற்றறைகளைக் கண்டு, ஏன் அவ்வாறு கட்டினர் என வினவுதல் போதும்.

நான்காம் நாள்: 'யாருடைய வீட்டிற்கு வந்துள்ளோம்?'

திருவில்லிபுத்தூர்க்கு மேற்கே, மலையடியில் செண்பகத்தோப்பு உள்ளது. இம்மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குரிய சரணாலயமாயிற்று; 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. வனத்துறையின் இசைவினை முன்னரே பெறுக. மரக்கிளைகளின் வழியே தாவிச் செல்லும் அவ்வணிலுக்கு, கிளைகள் ஒன்றையொன்று தொடும் தோப்பே உலகம். இடையில் ஒரு மரம் வெட்டுண்டால் அதன் பாதை அறும். ஓரறிவுயிரைக் காத்தால்தான் ஐயறிவுயிர் வாழும் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாக எந்நூலும் கற்பிக்காது. இலை பறித்தலும் உணவு எறிதலும் உரக்கக் கூவுதலும் கூடா. பிற்பகலில் கோவில்பட்டி செல்க.

ஐந்தாம் நாள்: 'கற்பித்தவருள் பெண்கள் உண்டோ?'

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையை இறுதிக்கு வைத்தோம். கண்ட அனைத்தும் இங்கு ஒன்றுகூடும். 8ஆம் நூற்றாண்டளவில் பாண்டியர் ஆட்சியில் தொடங்கி, இப்பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்றன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரையும் காணலாம். நூறளவிலான வட்டெழுத்துக் கல்வெட்டுகள், செய்வித்தவர் பெயரையும் ஊரையும் கூறுகின்றன. தச்சர், குயவர் முதலிய தொழிலாளரும் அவருள் உளர். திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி எனப் பெண் ஆசிரியர் பெயர்களும் உள்ளன. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. அவர்க்கு மாணாக்கரும் மாணாக்கியரும் இருந்தனர். பெண் கல்வி அண்மையில் வந்த வரவு என எண்ணும் நம் பெண்மக்கள், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ்நாட்டுப் பாறையில் ஆசிரியையர் பெயர் பொறித்திருப்பதைத் தம் கண்ணால் காணட்டும். அருகில் முற்றுப்பெறாத வெட்டுவான் கோயிலையும் காண்க. கோவில்பட்டியிலிருந்து தொடர்வண்டியில் ஊர் திரும்பலாம்.

3. ஒழுகும் முறை

சமணமலை அடிவாரத்தில் அய்யனார் கோயில் உள்ளது. கழுகுமலைச் சிற்பங்களின் அடியிலும் அய்யனார் உள்ளார். நம்மவர் இல்லாத நூற்றாண்டுகளில் இம்மலைகளைத் தெய்வ மலைகளாகப் போற்றியவர் அவ்வூர் மக்களே. ஆகையால் உரிமை கொண்டாடிச் செல்லாமல், நன்றி கூறிச் செல்லுதல் முறை. இத்திருமேனிகள் தொல்லியல் துறைகளின் பாதுகாப்பில் உள்ளவை எனில், பாலபிடேகம், எண்ணெய்க்காப்பு, சந்தனப் பூச்சு, சூடம் ஏற்றுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க. பாதுகாப்பில் இல்லாத திருமேனிகட்கும் இதுவே விதி. கைகூப்பி வணங்குதல் போதும். எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்தலும் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டு, 'ஐயா, எங்கள் முன்னோர் திருமேனிகளை நீங்கள் காத்தீர்கள்' என்று சிறுவர் வாயாலேயே சொல்லச் செய்க.

4. வீடு திரும்பிய பின்

அ) ஐந்து வினாக்களுள் ஒன்றிற்கு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் விடை எழுதுக.

ஆ) கண்ட ஊர்களைக் குறித்து ஒரு நிலப்படம் வரைந்து, குரண்டியிலிருந்து கீழக்குயில்குடிக்குக் கோடிடுக.

இ) தம் ஊர் ஜிநாலயக் கல்வெட்டில் உள்ள பெயர்களைப் பெற்றோர் துணையுடன் படித்து எழுதுக.

மூன்றாம் பயிற்சியே முதன்மையானது. தொலைவில் உள்ள கல்லைப் படிக்கக் கற்ற பிள்ளை, தன் ஊர்க் கல்லைப் படிக்காமல் கடந்து செல்லாது. நம் கற்களைக் காக்கும் சிவிகையார் இனி அப்பிள்ளைகளே.

வளர்க அருகன் அறம்!