நூலுக்கும் ஒரு முகவரி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

நூலகத்தை அறிவுக் கோயில் என்கிறோம், கருவூலம் என்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அந்தக் கருவூலத்தின் சாவி ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஒட்டியிருக்கும் சிறு வெள்ளைத்தாளில் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்ற ஆண்டு வரை நான் அறியவில்லை. அறியாமலே ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவற்றையும், அதனால் கற்ற பாடத்தையும் என் உடன் பயிலும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தை சலவைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது பூட்டிய ஒரு பீரோ. ஆகவே இங்கே அலமாரிகளுக்கு நடுவே நாமே சென்று நூலை எடுக்கலாம் என்றபோது, மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்தது. யாரிடமாவது கேட்டால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்பார்களோ என்ற கூச்சம். அட்டையின் நிறத்தை நினைவு வைத்துக்கொண்டே ஓராண்டு ஓட்டினேன்.

நான் செய்த ‘நற்செயல்’

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் வெப்பவியல் பாடத்திற்காகப் பிரிஜ்லால், சுப்பிரமணியம் ஆகியோர் எழுதிய ‘வெப்பமும் வெப்ப இயக்கவியலும்’ என்ற ஆங்கில நூலை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தேன். ‘படித்த நூல்களை மேசை மீதே விட்டுச் செல்லவும்’ என்று சுவரில் எழுதியிருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். நூலை எடுத்துப்போய் அலமாரியில் வைக்கச் சென்றேன்.

அதன் முதுகில் 536.7 என்றிருந்தது. வெப்பம் பற்றிய நூல்களே மூன்று தட்டுகளில் இருந்தன. முதல் தட்டில் 536.23, 536.25 என்ற எண்களைக் கண்டேன். ஏழு சிறியது, இருபத்து மூன்று பெரியது அல்லவா? 536.7ஐ 536.23க்கு முன்னால் வைத்தேன். யாரோ தவறாக வைத்திருந்ததை நாம் திருத்திவிட்டோம் என்ற பெருமை வேறு!

பத்து நாள் கழித்து மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் நூலகரிடம் நின்றுகொண்டிருந்தார். “நாளைக்குக் காலையில செமினார் மேடம். நாலு நாளா தேடுறேன். வெளியில காசு கொடுத்து வாங்க வழியில்ல” என்றார். கணினியில் பார்த்தால் ‘நூல் உள்ளது’ என்கிறது. அலமாரியில் பார்த்தால் இல்லை. நூலகர் அதைக் காணாமற்போன நூல்களின் பட்டியலில் எழுதியும் விட்டார்.

நான் எழுந்து சென்று, “இங்கதான் இருக்கு மேடம்” என்று உரிய தட்டிலிருந்து உருவிக் கொடுத்தேன்.

“இதை இங்க வெச்சது யாரு?”

“நான்தான் மேடம். சரியான எடத்துலதான் வெச்சேன்.”

நூலகர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, கணக்குல 0.7 பெருசா, 0.23 பெருசா?” என்று மட்டும் கேட்டார். “0.7தான் மேடம்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. பள்ளிப் பருவத்துத் தசமக் கணக்கைக் கல்லூரியில் வந்து தவறவிட்டிருந்தேன். அதற்கு விலை கொடுத்தவர் அந்த அக்கா. நான்கு நாள் படிக்க வேண்டியதை ஒரே இரவில் படிக்க நூலை வாங்கிக்கொண்டு ஓடினார்.

அன்று மாலையே நூலகரிடம் சென்று, “எனக்கு முதல்லேர்ந்து சொல்லிக் கொடுங்க மேடம்” என்று கேட்டேன். இனி வருவது அவரிடம் கற்றதும், பின்னர் நானாகப் படித்ததும்.

இரண்டு எண்கள்

ஒரு நூலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பதிவு எண். நூல் வாங்கப்பட்ட வரிசையில் பதிவேட்டில் ஏறும் எண் அது. நம் சேர்க்கை எண் போல. அதை வைத்துக்கொண்டு எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது. மற்றொன்று அழைப்பு எண். ‘கால் நம்பர்’ என்று நூலகத்தில் சொல்வது இதைத்தான். நூல் நிற்கும் இடத்தைக் காட்டுவது இதுவே.

அழைப்பு எண் பொதுவாக இரண்டு வரிகளில் இருக்கும். மேல் வரி, நூல் எதைப் பற்றியது என்று கூறும் வகைப்பாட்டு எண். கீழ் வரி, அதே பொருளில் உள்ள மற்ற நூல்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் குறி. நம் நூலகத்தில் ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் போடுகிறார்கள். பிரிஜ்லால் நூலுக்கு மேலே 536.7, கீழே பி, ஆர், ஐ என்ற ஆங்கில எழுத்துகள். சில நூலகங்களில் ஆசிரியர் பெயரை எண்ணாக மாற்றித் தரும் அட்டவணை ஒன்றைப் பயன்படுத்துவார்கள்.

பத்து வகுப்புகள்

முற்காலத்தில் பல நூலகங்களில் நூலுக்கு நிலையான இடம் உண்டு. இன்ன அலமாரி, இன்ன தட்டு என்று எழுதிவிடுவார்கள். அலமாரி நிறைந்து புதிய நூல்கள் வந்தால் எல்லாம் குழம்பும். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே நூலகத்தில் வேலை செய்த மெல்வில் டூயி என்பவர், 1873இல் இதற்கொரு மாற்று வழியை எண்ணினார். அப்போது அவருக்கு வயது 21. ஏறக்குறைய நம் வயது! அவருடைய பதின்மப் பகுப்பு முறை 1876இல் 44 பக்கங்கள் கொண்ட சிறு நூலாக வெளிவந்தது. எண்ணை அலமாரிக்குக் கொடுக்காமல் பொருளுக்குக் கொடுத்ததே அவர் செய்த மாற்றம். அலமாரியை எங்கே நகர்த்தினாலும் நூல்களின் வரிசை மாறாது.

அவர் அறிவுலகைப் பத்து வகுப்புகளாக்கினார். இன்று அவை வழங்கும் பெயர்கள்: 000 பொது, 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலைகள், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும்.

ஒவ்வொரு வகுப்பும் மீண்டும் பத்தாகப் பிரியும். 510 கணிதம், 520 வானியல், 530 இயற்பியல், 540 வேதியியல். இயற்பியலை மேலும் பிரித்தால் நம் பாடத்திட்டமே வரிசையாக நிற்கிறது: 531 இயக்கவியல், 532 நீர்மங்கள், 533 வாயுக்கள், 534 ஒலி, 535 ஒளி, 536 வெப்பம், 537 மின்சாரம், 538 காந்தவியல், 539 நவீன இயற்பியல். 536க்குப் பின் புள்ளி வைத்து 2 என்றால் வெப்பம் பரவுதல். 23 என்றால் அதில் வெப்பக் கடத்தல். 25 என்றால் வெப்பச் சலனம். 7 என்றால் வெப்ப இயக்கவியல்.

புள்ளிக்குப் பின்னுள்ளதை ‘இருபத்து மூன்று’ என்று வாசிக்கக் கூடாது. ‘இரண்டு, மூன்று’ என்று ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க வேண்டும். அப்போது வரிசை தானே வரும்: 536, 536.2, 536.23, 536.25, 536.3, 536.41, 536.5, 536.7. எண் ஒன்றாகவே இருந்தால் கீழ் வரியின் எழுத்துகளை அகர வரிசையில் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

நெல்லை எடுத்துக்கொள்வோம். நெல் சாகுபடி 633.18, வேளாண்மையில் நிற்கும். அரிசிச் சமையல் 641.6318, சமையல் நூல்களோடு நிற்கும். இரண்டின் கடைசியிலும் 318 என்ற இலக்கங்கள் வருவதைக் கவனியுங்கள். வயலிலிருந்து அடுப்படிக்கு வந்தாலும் நெல் தன் அடையாளத்தை விடவில்லை! மேலும், 1876இல் கணினி கிடையாது. ஆயினும் இன்று 004 முதல் 006 வரை கணினி நூல்கள் இடம்பெற்றுவிட்டன.

சீர்காழி தந்த கணித ஆசிரியர்

ஆனால் இம்முறையில் குறைகளும் உண்டு. ஆங்கில இலக்கியம் 820 என்று எளிதாக நிற்க, நம் தமிழ் இலக்கியமோ 894.811 என்ற நீண்ட எண்ணில், வேறு பல மொழிகளோடு ஒண்டிக் குடியிருக்கிறது. சமயத்தின் பத்துப் பிரிவுகளில் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே. உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290க்குள் அடங்க வேண்டும். பகுத்தவர் நின்ற இடத்திலிருந்து உலகம் எப்படித் தெரிந்ததோ, அப்படியே எண்களும் அமைந்தன.

வேறொரு வழியைக் கண்டவர் நம் மண்ணின் மைந்தர். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, ஒரு கடையில் ‘மெக்கானோ’ என்ற விளையாட்டுச் சாதனத்தைக் கண்டார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் உருவாகும். பொருள்களுக்கும் இப்படியே எண்ணைப் பூட்டினால் என்ன என்று எண்ணினார். 1933இல் ‘கோலன் பகுப்பு முறை’ பிறந்தது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக அவர் கொண்டது முக்காற்புள்ளியை.

எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாக அவர் பார்த்தார்: தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம். இறுதி இரண்டையும் காணும்போது, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. அவர் முறையில் தமிழ் இலக்கியத்திற்கு ஓ என்ற ஆங்கில எழுத்தும் 31ம் போதும்.

1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டும். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காத்தல், நூலகம் வளர்கின்ற ஓர் உயிரி. இவற்றுள் நான்காம் விதியை நான் மீறினேன். ஓர் அக்காவின் நான்கு நாட்களை வீணாக்கினேன்.

அப்பாவின் குறி

விடுமுறையில் வீட்டிற்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அறுபது எழுபது வீட்டு வெள்ளை வேட்டிகள் ஒரே துறையில் காய்ந்தாலும், ஒன்றுகூட மாறாமல் பிரித்துக் கட்டுவார். சேராங்கொட்டை மையால் துணி ஓரத்தில் இட்ட குறிதான் அவருக்கு எழுத்து. தெருவுக்கு ஒரு குறி, வீட்டுக்கு ஒரு குறி. “மொதல்ல தெருவப் பாரு, அப்புறம் வீட்டப் பாரு” என்று சிறுவயதில் எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார். மேல் வரியில் பொருள், கீழ் வரியில் ஆசிரியர் என்ற அழைப்பு எண்ணின் இலக்கணமும் இதுதானே! கூச்சப்படாமல் உற்றுப் பார்த்திருந்தால் வீட்டிலேயே பாதிப் பாடம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: “துணி மாறிப் போனா வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்கடா. பொஸ்தகம் மாறிப் போனா ஒன்ன யாரு வந்து கேப்பா? நீயாத்தான் பாத்து வெக்கணும்.”

நண்பர்களே! உங்களிடம் வேண்டுவன மூன்று. படித்த நூலை மேசை மீதே விட்டு வாருங்கள். அது சோம்பலன்று, அடுத்தவருக்குச் செய்யும் உதவி. நூலைத் தேடும்போது பதிவு எண்ணைக் குறிக்காமல் அழைப்பு எண்ணை இரண்டு வரியும் முழுமையாகக் குறித்துச் செல்லுங்கள். தெரியாவிட்டால் நூலகரைக் கேளுங்கள். கேட்க நாணி நான் இழந்தது ஓராண்டு.

இப்போது 536.7 தன் இடத்தில் நிற்கிறது. நூலகத்திற்குள் போகும் போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். தட்டில் இல்லையென்றால், யாரோ எடுத்துப் படிக்கிறார்கள் என்று மகிழ்கிறேன்.