ஒரு பிடி அரிசி

வேதபாடம்: லூக்கா 8:1-3, அப்போஸ்தலர் 9:36-42



ஆண்டவருடைய ஊழியத்தைத் தங்கள் ஆஸ்தியால் தாங்கின ஸ்திரீகளை லூக்கா பேர் சொல்லியே எழுதுகிறார். அதில் யோவன்னாள் ஏரோதின் காரியக்காரனுடைய மனைவி, வசதியுள்ளவள். "என் கையில காசே இல்லையே, நான் என்னத்தக் கொடுப்பேன்?" என்று நம்மில் அநேகர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான்.

மிசோரம் மலைகளைப் பாருங்கள். 1894-ல்தான் அங்கே மிஷனெரிகள் வந்து தங்கினார்கள். 1910-லேயே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள், உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள்! 'புஃபாய் தாம்' என்று அதற்குப் பேர். வீடு வீடாய்ச் சேர்த்து, விற்று, சபைக்குக் கொடுப்பார்கள். காசு அபூர்வமான காலம் அது. ஆனால் அரிசிப்பானை பெண்கள் கையில் இருந்ததே. எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது. அந்தப் பிடி அரிசி இன்று வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய்.

தொற்காள் தன் ஊர் விதவைகளுக்கே அங்கி தைத்தாள். நம்ம தெருவிலேயும் ஜூன் மாசம் நோட்டு வாங்க முடியாத பிள்ளைகள் உண்டு. வீட்டுக்கு ஒரு டின் வைப்போம்.

சேர்ந்ததை இரண்டு சகோதரிகளாக எண்ணுங்கள். கணக்கை எல்லார் முன்பும் வாசியுங்கள். 2 கொரிந்தியர் 8:20,21-ல் பவுலும் தர்மப்பணத்தில் இந்த ஜாக்கிரதையைத்தான் காட்டுகிறார். ஆனா யாருக்குக் கொடுத்தோம்னு மட்டும் வாசிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.